திறக்கும் சாவி ஏன் பூட்டவில்லை?

கோவில்பட்டியிலிருந்து கயத்தாறு நோக்கிப் போகும்போது, இடைசெவல் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் கரிசல் விரிந்து கிடக்கும். நடுநடுவே காத்தாடிகள். காற்றாலை என்று எழுதுவதெல்லாம் ஏட்டில்தான். எங்கள் பக்கத்தில் அதற்குப் பெயர் காத்தாடி. ஓர் ஆடி மாதச் சாயங்காலம், மாமாவின் புஞ்சையைப் பார்த்துவிட்டு வண்டிக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். இருபது தப்படி தூரத்திலிருந்தே சாவியின் பொத்தானை அமுக்கினேன். இண்டிகேட்டர் மினுங்கியது, பூட்டு திறந்தது, உள்ளே கூரை விளக்கு வெள்ளை வெளேரென்று எரிந்தது. அப்போதுதான் மூக்குக் கண்ணாடியை மோட்டார் ரூமில் வைத்துவிட்டு வந்தது ஞாபகத்துக்கு வந்தது. நின்ற இடத்திலிருந்தே திரும்பப் பூட்டலாம் என்று அமுக்கினேன். ஒரு சத்தமும் இல்லை. கையை நீட்டி அமுக்கினேன், தலைக்கு மேலே தூக்கி அமுக்கினேன். வண்டி காது கேளாததுபோல் நின்றது. கடைசியில் கதவை ஒட்டிப் போய் நின்று அமுக்கியபோதுதான் ‘டக்’கென்று பூட்டியது.

ஒரே சாவி, ஒரே இடம், ஒரே தூரம். திறக்கச் சொன்னால் கேட்கிறது. உடனே திரும்பப் பூட்டச் சொன்னால் கேட்கவில்லை.

மாமாவுக்கு இதில் சந்தேகமே இல்லை. “எல்லாம் இந்தக் காத்தாடி பண்ற வேலை மாப்ள. அம்புட்டுக் கரண்டு ஓடுதுல்ல, சிக்னலை இழுத்துப்புடும்” என்றார். பக்கத்துப் புஞ்சைக்காரர் செல்போன் டவரைக் கை காட்டினார். நான் சாவியின் பேட்டரியைச் சந்தேகப்பட்டேன். ஊருக்குத் திரும்பியதும் புது பேட்டரி வாங்கிப் போட்டேன். பொத்தான் வடிவில் இருக்கும் அந்தப் பேட்டரியின் பெயர் சிஆர்2032. பெயரிலேயே அளவு இருக்கிறது: 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் கனம். புதுசு போட்டும் குணம் மாறவில்லை. காத்தாடி ஒன்றுகூட இல்லாத எங்கள் தெருவிலும் அதே கதைதான். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு நடந்துகொண்டே அமுக்கினால் பூட்டாது. திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அமுக்கினால், அங்கிருந்தே பூட்டிக்கொள்ளும்.

எட்டயபுரம் ரோட்டில் வண்டிகளுக்கு வயரிங் பார்க்கும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் கொண்டுபோனேன். முழுக்கதையையும் கேட்டுவிட்டு, வண்டியைத் தொடாமலே ஒரு கேள்வி கேட்டார்.

“எப்பயிருந்து இப்படி இருக்கு தம்பி? அதுக்கு முன்னால புதுசா என்ன மாட்டுனீக?”

யோசித்துப் பார்த்தேன். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு கடையில் மூன்று சாமான் மாட்டியிருந்தேன். முன்கண்ணாடியில் ஒரு டேஷ்கேம், செல்போனுக்கு ஒரு யூஎஸ்பி சார்ஜர், பழைய மஞ்சள் பல்பு மங்கலாக எரிகிறது என்று அதற்குப் பதிலாகக் கூரையில் ஓர் எல்இடி விளக்கு. பெரியவர் தலையை ஆட்டிக்கொண்டே போய், பட்டறை ஜன்னலில் பாடிக்கொண்டிருந்த கையகல ரேடியோவை எடுத்து வந்தார். மத்திய அலையில், 1197 கிலோஹெர்ட்ஸில், திருநெல்வேலி வானொலி பாடிக்கொண்டிருந்தது. ரேடியோவை வண்டிக்குள் நீட்டிக் கூரை விளக்குக்கு ஒரு சாண் கீழே பிடித்தார். கதவு திறந்திருந்ததால் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டு அடியோடு மறைந்து, சோளப்பொரி வறுப்பதுபோல ஒரு கரகரப்பு மட்டும் வந்தது. விளக்கை அணைத்தார், பாட்டு திரும்ப வந்தது. போட்டார், மறைந்தது. பிறகு அந்த எல்இடியைக் கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, டப்பாவிலிருந்து ஒரு பழைய இழை பல்பை எடுத்து மாட்டினார்.

“இப்ப நடந்து போய் அமுக்குங்க.”

முப்பது தப்படி நடந்தேன். கூரையில் மஞ்சள் பல்பு எரிந்துகொண்டிருந்தபோதே வண்டி பூட்டியது.

இரண்டு மாதப் புதிர் அவருக்குப் பத்து நிமிட வேலை. திறக்கும்போது விளக்கு அணைந்திருக்கும், அதனால் சாவி பேசுவது வண்டிக்குக் கேட்கும். திறந்தவுடன் விளக்கு எரியத் தொடங்கும், கதவைச் சாத்திய பிறகும் அரை நிமிடம் எரிந்துவிட்டுத்தான் அணையும். அந்த அரை நிமிடத்தில் சாவி எவ்வளவு கத்தினாலும் வண்டிக்குக் கேட்காது. வெளிச்சம் தரும் ஒரு பொருள் எப்படி வண்டியின் காதை அடைத்தது? அதைத்தான் இந்த அத்தியாயத்தில் பார்க்கப் போகிறோம்.

சாவிக்குள் இருப்பது ஒரு சின்ன ஒலிபரப்பு நிலையம். இந்தியாவில் ஓடும் பெரும்பாலான வண்டிகளில் அது 433.92 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் பேசுகிறது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் 315 மெகாஹெர்ட்ஸ் வழக்கம். 433 முதல் 434 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள பட்டையைக் குறைந்த சக்திக் கருவிகள் உரிமம் இல்லாமலே பயன்படுத்தலாம் என்று இந்திய அரசு விட்டுவைத்திருக்கிறது. சக்தியின் உச்சவரம்பு 10 மில்லிவாட். 433.92 என்ற எண் பார்ப்பதற்கு ஏனோதானோவென்று வைத்ததுபோல் இருக்கும். அதை 32ஆல் வகுத்துப் பாருங்கள், 13.56 வரும். வங்கி அட்டையை இயந்திரத்தில் தொட்டுக் காசு கட்டுகிறோமே, அது வேலை செய்யும் அதிர்வெண் 13.56 மெகாஹெர்ட்ஸ். பல சாவிகளுக்குள் 13.56 மெகாஹெர்ட்ஸில் அதிரும் ஒரு சின்னப் படிகம் இருக்கிறது. அதன் துடிப்பை 32 மடங்காக்கித்தான் அலை பிறக்கிறது. அந்த அலையின் நீளம் 69 சென்டிமீட்டர், ஏறக்குறைய ஒன்றரை முழம்.

10 மில்லிவாட் என்பது உச்சவரம்புதான். உள்ளங்கைக்குள் அடங்கும் சாவியில் ஒன்றரை முழ அலைக்கு ஏற்ற ஆன்டெனாவை எங்கே வைப்பது? கட்டைவிரல் நகத்தளவு செம்புத்தடம் ஒன்றுதான் அதன் ஆன்டெனா. பேட்டரியிலிருந்து போகும் சக்தியில் மிகச் சிறு பங்குதான் அலையாக வெளியேறும். அதிலும் துளித்துளியாகக் குறைந்ததுதான் வண்டியின் இரும்புக் கூட்டுக்குள் நுழைந்து ரிசீவரை எட்டும். நல்ல ரிசீவர் ஒன்று ஒரு வாட்டில் நூறு லட்சம் கோடியில் ஒரு பங்கு வந்தாலும் கேட்டுக்கொள்ளும். வீட்டில் எரியும் 10 வாட் பல்பின் சக்தியோடு ஒப்பிட்டால் பத்துக் கோடி கோடியில் ஒரு பங்கு. ஊர் அடங்கிய பிறகு, அடுத்த தெருவில் ஒரு எறும்பு நடப்பதைக் காது கொடுத்துக் கேட்பதுபோன்ற வேலை அது. கேட்க வேண்டுமானால் ஊர் அடங்கியிருக்க வேண்டும்.

அந்த எல்இடி விளக்கு ஊரை அடங்கவிடவில்லை.

காரில் 12 வோல்ட் பேட்டரி. என்ஜின் ஓடும்போது 14 வோல்ட்டுக்கு மேலும் போகும். ஒரு வெள்ளை எல்இடிக்கு 3 வோல்ட் அளவே போதும். மிச்சத்தை என்ன செய்வது? ஒரு வழி, மின்தடை ஒன்றைப் போட்டு மிச்சத்தைச் சூடாக வீணடிப்பது. அதில் சத்தம் கிடையாது. இன்னொரு வழி, மின்சாரத்தை நொடிக்குச் சில லட்சம் முறை வெட்டி வெட்டிக் கொடுத்து, சுருளும் மின்தேக்கியும் வைத்துச் சமன்செய்வது. இதில் சூடு குறைவு, வெளிச்சம் சீர். எல்இடி விளக்கில் மட்டுமல்ல, யூஎஸ்பி சார்ஜர், டேஷ்கேம், லேப்டாப்புக்கு மின்சாரம் தரும் இன்வெர்ட்டர் எல்லாவற்றிலும் இந்த வெட்டும் வேலைதான் நடக்கிறது. வெட்டுவதில் குற்றமில்லை. எவ்வளவு சுருக்கென்று வெட்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உரலில் உலக்கை விழுந்தால் ‘தொம்’ என்று ஒரு மொத்தையான ஒலிதான் கேட்கும். கொல்லன் பட்டறையில் பட்டடைக் கல்லின் மேல் சுத்தியல் விழுந்தால் ‘ணங்’கென்று தெருக்கோடி வரை கேட்கும், காதைக் கூசவைக்கும் கீச்சொலியும் அதில் கலந்திருக்கும். அடி எவ்வளவு சுருக்காக விழுகிறதோ அவ்வளவு உயர்ந்த அதிர்வுகள் அதற்குள் அடங்கியிருக்கும். இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் பிரான்சு நாட்டின் ஜோசப் ஃபூரியே. வெப்பத்தைப் பற்றி 1822இல் அவர் வெளியிட்ட நூலில் அந்தக் கணக்கு இருக்கிறது. மின்சாரத்துக்கும் அதே விதிதான். நொடிக்கு மூன்று லட்சம் முறை வெட்டும் ஒரு சார்ஜர் 300 கிலோஹெர்ட்ஸில் மட்டும் சத்தம் போடுவதில்லை. 600, 900, 1,200 என்று அதன் மடங்குகளிலெல்லாம் போடும். சாவியின் அதிர்வெண் ஏறத்தாழ 1,446ஆவது மடங்கில் இருக்கிறது. அவ்வளவு தூரம் சத்தம் எட்டுமா என்றால், எட்டும். மின்னழுத்தம் ஒரு நானோ வினாடியில், அதாவது ஒரு நொடியின் நூறு கோடியில் ஒரு பங்கில், ஏறி இறங்கினால், அதன் சிதறல் 318 மெகாஹெர்ட்ஸ் வரை மெதுவாகத்தான் தேயும். அதற்கப்புறம்தான் வேகமாகச் சரியும். 433 அந்தச் சரிவின் தலைமாட்டிலேயே இருக்கிறது.

இந்தச் சிதறலை அடக்கத் தெரியாமல் இல்லை. வெட்டும் விளிம்பைக் கொஞ்சம் மழுக்கலாம், நுழைவாயிலில் ஒரு வடிகட்டி வைக்கலாம், சர்க்யூட்டைத் தகரக் கூட்டுக்குள் மூடலாம். எல்லாம் சில ரூபாய்க்குள் முடிகிற காரியம். விலையை அடிமட்டத்துக்கு இறக்க வேண்டும் என்று வரும்போது முதலில் பிடுங்கப்படுவது இந்தச் சில ரூபாய்ச் சாமான்கள்தான். அவை இல்லாவிட்டாலும் விளக்கு எரியும். வாங்குகிறவருக்குக் கடையில் நின்று வித்தியாசம் தெரியாது. மிச்சத்தை வயர் பார்த்துக்கொள்ளும். ஒன்றரை முழ அலைக்குக் கால் பங்கு என்றால் 17 சென்டிமீட்டர், ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவு. அந்த நீளத்தில் தொங்கும் எந்த வயரும் அருமையான ஆன்டெனாவாகிவிடும். கூரை விளக்கின் வயரும் டேஷ்கேம் வயரும் எந்த உயரத்தில் போகின்றன என்று பாருங்கள். பல வண்டிகளில் சாவியின் ரிசீவர் டேஷ்போர்டுக்குள்ளோ கூரையை ஒட்டியோ இருக்கிறது. காதுக்குள்ளேயே ஒலிபெருக்கியைக் கட்டிவைத்ததுபோல ஆகிவிடுகிறது.

மாமாவின் காத்தாடிக்கு இப்போது வருவோம். காத்தாடியிலும் மின்சாரத்தை வெட்டும் பெரிய கருவிகள் உண்டு. அவருடைய சந்தேகம் அடிப்படையே இல்லாதது என்று சொல்ல மாட்டேன். தூரத்தைக் கணக்கில் சேர்த்தால்தான் தெளிவு கிடைக்கும். அலையின் சக்தி தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. கூரை விளக்கு ரிசீவரிலிருந்து அரை மீட்டரில் இருக்கிறது, காத்தாடி 500 மீட்டரில். தூரம் ஆயிரம் மடங்கு என்றால், வந்து சேரும் சக்தி தோராயமாகப் பத்து லட்சத்தில் ஒரு பங்கு. அந்த உள்ளங்கை விளக்கு எழுப்பும் இரைச்சலைக் காத்தாடி எழுப்ப வேண்டுமானால், சாவியின் அதிர்வெண்ணில் அது பத்து லட்சம் மடங்கு உரக்கக் கத்த வேண்டும். செல்போன் டவரோ வேறு அதிர்வெண்களில் பேசுகிறது. 433 அதன் வீடு அல்ல.

இதே கணக்கு சாவிக்கும் பொருந்தும். வண்டிக்குள் இரைச்சல் நான்கு மடங்கானால் சாவி எட்டும் தூரம் பாதியாகும். நூறு மடங்கானால் பத்தில் ஒன்றாகும். முப்பது தப்படியிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த வண்டி மூன்று தப்படியில்தான் கேட்கும். திறந்தவெளிக் கணக்கு இது. என் வண்டியில் நான் கண்டதும் ஏறக்குறைய இதுதான்.

இங்கே ஒரு நியாயமான கேள்வி எழும். ரேடியோவில் கரகரப்பு வந்தால் பாட்டு கொஞ்சமாவது கேட்கிறது. புயல் மழையிலும் செய்தி கேட்டிருக்கிறோம். சாவி மட்டும் ஏன் ‘உண்டு, இல்லை’ என்று நிற்கிறது? பாட்டில் பாதி போனாலும் மீதியை நம் மனது நிரப்பிக்கொள்ளும். சாவி அனுப்புவது எண்களின் சரம். அதில் ஓர் எண் பிசகினாலும் வண்டி முழுவதையும் தள்ளிவிடும். தள்ளத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கண்டவர் சாவிக்கெல்லாம் கதவு திறந்துகொள்ளும்.

1982இல் ரெனோ நிறுவனம் ஃபுவேகோ காரில் தூரத்திலிருந்து திறக்கும் சாவியைக் கொண்டுவந்தபோது அது டிவி ரிமோட் மாதிரி அகச்சிவப்புக் கதிரில் வேலை செய்தது. ரேடியோவுக்கு மாறிய பிறகு வேறொரு தொல்லை வந்தது: சாவி அனுப்புவதை ஒருவர் பதிவுசெய்து வைத்துக்கொண்டு பிறகு ஒலிபரப்பினால் வண்டி திறந்துவிடும். அதைத் தடுக்க, ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் புதுச் சரம் ஒன்றை அனுப்பும் உருள்குறியீட்டு முறைகள் வந்தன. அவற்றில் பெயர்பெற்றது கீலாக். 1980களில் தென்னாப்பிரிக்காவில் உருவான அந்த முறையை 1995இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் நிறுவனம் விலைக்கு வாங்கியது. அந்த வகைச் சாவிகள் சிலவற்றில் ஒரு தடவை அமுக்கினால் 66 பிட்டுகள் போகும். 66உம் சேதமில்லாமல் போய்ச் சேர வேண்டும். சாவியும் வண்டியும் ஒரே எண்ணிக்கையைக் கூடவே எண்ணிக்கொண்டு வருகின்றன. குழந்தை கையில் சாவி கிடைத்து, வண்டி எட்டாத இடத்தில் வைத்து நான்கைந்து முறை அமுக்கிவிட்டால் பரவாயில்லை. அடுத்து வரவேண்டிய பதினாறு சரங்கள் வரை வண்டி பொறுத்துக்கொள்ளும். அதையும் தாண்டிவிட்டால், அடுத்தடுத்து இரண்டு முறை சரியாகக் கேட்ட பிறகுதான் நம்பும். பூட்டவில்லையே என்று ஆத்திரத்தில் அமுக்கிக்கொண்டே இருந்தால் இந்தச் சிக்கலும் வந்து சேர்ந்துகொள்ளும்.

ரேடியோ அலையே ஒரு தீப்பொறியில் பிறந்தது என்பதை இந்த ஊரில் உட்கார்ந்து எழுதும்போது சொல்லாமல் போக மனம் வரவில்லை. தீப்பெட்டி ஆபீஸ்களால் வளர்ந்த ஊர் எங்களுடையது. 1887இல் ஜெர்மனியில் ஹைன்ரிக் ஹெர்ட்ஸ், இரண்டு உலோகக் குண்டுகளுக்கு இடையே பொறி பறக்கவிட்டார். சற்றுத் தள்ளி வைத்திருந்த ஒரு கம்பி வளையத்தின் சிறு இடைவெளியில், எந்த இணைப்பும் இல்லாமல், நுண்ணிய பொறி ஒன்று பறந்தது. இருட்டறையில் பொறுமையாகப் பார்த்தால்தான் தெரியும் அளவுக்குச் சின்னது. எட்டு ஆண்டுகள் கழித்து, 1895இல், கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ், சுவர்களை ஊடுருவிச் சென்ற அலைகளைக் கொண்டு தொலைவில் ஒரு மணியை ஒலிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். கம்பியில்லாமல் தூரத்திலிருந்து ஒரு காரியத்தை நடத்துவது இந்திய மண்ணில் அன்றே நடந்துவிட்டது. நம் சாவி அந்த மணியின் கொள்ளுப்பேத்தி.

சாவியிலிருந்து வருவது ஹெர்ட்ஸின் பொறிக்கு வாரிசான, செய்தி சொல்லும் அலை. என் விளக்கிலிருந்து வந்ததும் அதே மாதிரிப் பொறியின் வாரிசுதான், செய்தி இல்லாத அலை. ரிசீவருக்கு இரண்டும் அலைதான். கரிசல்காட்டு விவசாயிகளுக்கு இது அனுபவத்தில் தெரியும். பம்புசெட் மோட்டார் கிளம்பும்போது ரேடியோவில் ‘கர்ர்’ என்று கேட்கும். கோடை மழைக்கு முன் மேற்கே மின்னுவதை, கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் ரேடியோ சொல்லிவிடும்.

பெரிதைச் சந்தேகப்பட்டுச் சின்னதிடம் போய் முடிவது எங்கள் ஊருக்கு மட்டும் உரிய கதையல்ல. 2019 வசந்த காலத்தில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில், கிளீவ்லாந்து நகரை ஒட்டிய நார்த் ஓம்ஸ்டெட் பகுதியில், சில தெருக்களில் மட்டும் கார் சாவிகளும் வீட்டுக் கராஜ் கதவு ரிமோட்டுகளும் வேலை செய்யாமல் போயின. நாள்கணக்கில், வாரக்கணக்கில் இதே நிலை. பக்கத்தில் நாசாவின் கிளென் ஆய்வு மையம் இருப்பதால் ஊகங்களுக்குப் பஞ்சமில்லை. மின்வாரியத்தார் வந்தார்கள், தொலைபேசிக்காரர்கள் வந்தார்கள். சில இடங்களில் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தும் 315 மெகாஹெர்ட்ஸில் இரைச்சல் நிற்கவில்லை. கடைசியில் ஆன்டெனாவும் கையுமாக வீடு வீடாகத் தேடி ஒரு வீட்டை அடைந்தார்கள். மின்னணுவியலில் ஆர்வமுள்ள ஒருவர் அங்கே குடியிருந்தார். கீழறையில் வேலை செய்யும்போது மேலே யாராவது நடமாடினால் தனக்குத் தெரியட்டும் என்று தானே ஒரு கருவி செய்து வைத்திருந்தார். பேட்டரியில் ஓடிய அந்தக் கருவி விடாமல் 315 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டே இருந்திருக்கிறது. அவருக்கு விஷயமே தெரியாது. பேட்டரியைக் கழற்றியதும் ஊர்ச் சாவிகள் எல்லாம் உயிர்பெற்றன.

அந்தத் தேடலையும் எட்டயபுரம் ரோட்டுப் பெரியவரின் கையகல ரேடியோவையும் ஒரே வரிசையில்தான் நான் வைக்கிறேன். இரண்டிலும் முறை ஒன்றே: இரைச்சல் எந்தப் பக்கம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நட.

பெரியவர் அன்று டேஷ்கேமையும் சார்ஜரையும் விடவில்லை, இரண்டையும் சோதித்தார். ஒரு நுட்பத்தை அப்போதுதான் சொன்னார். வண்டி நின்று, சாவியைத் திருப்பி எடுத்த பிறகும் எந்தச் சாமானுக்கு மின்சாரம் போகிறதோ அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பல வண்டிகளில் சிகரெட் லைட்டர் துளைக்கு என்ஜின் அணைந்ததும் மின்சாரம் நின்றுவிடும். அதில் செருகிய சார்ஜர் என்ன தரத்தில் இருந்தாலும், இறங்கிப் பூட்டும்போது தூங்கிக்கொண்டிருக்கும். பேட்டரியிலிருந்து நேரடியாக லைன் எடுத்து மாட்டிய டேஷ்கேம், நிறுத்திய பிறகும் காவல் காக்கும் கேமரா, கதவோடு சேர்ந்து எரியும் விளக்கு, இருப்பிடம் சொல்லும் ஜிபிஎஸ் பெட்டி, இவைதான் விழித்திருப்பவை. என் சார்ஜர் தப்பித்தது. டேஷ்கேமின் எர்த் வயர், பெயின்ட் மேலேயே வைத்துத் திருகப்பட்டிருந்தது. பெயின்டைச் சுரண்டி, இரும்பில் படும்படி இறுக்கி, நீண்டு சுருண்டு கிடந்த வயரைக் குறுக்கி மாட்டிக் கொடுத்தார். “கோடையில எர்த் குழிக்குத் தண்ணி ஊத்துதோம்ல தம்பி, அது மாதிரிதான்” என்றார். கரிசல் காய்ந்து வெடிக்கும்போது மண் எர்த் கம்பியை விட்டு விலகிவிடும். பம்புசெட் வைத்திருப்பவர்கள் கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்றுவது அதனால்தான். வண்டிக்கு மண் இல்லை, அதன் இரும்பு உடம்புதான் எர்த். பிடிப்பு விட்டால் அங்கேயும் வில்லங்கம்தான்.

கேமரா வயரில் ஒரு கறுப்பு உருளையையும் கவ்வவிட்டார். லேப்டாப் வயரில் குமிழ்போல் ஒன்று புடைத்திருக்குமே, அதேதான். ஃபெரைட் என்னும் இரும்பு ஆக்சைடுச் சேர்மம். வயரில் போகும் நேர்மின்சாரத்தை அப்படியே விட்டுவிட்டு, அதிவேக அதிர்வுகளை மட்டும் வெப்பமாக்கித் தின்றுவிடும்.

பொத்தானை அமுக்காமலே, சாவியைச் சட்டைப்பையில் வைத்திருந்தாலே திறக்கும் வண்டிகளில் இன்னொரு வாசலும் உண்டு. அங்கே முதலில் பேசுவது வண்டி. கைப்பிடியைத் தொட்டதும் 125 கிலோஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அதிர்வெண்ணில் ‘யாரது?’ என்று கேட்கும்; அருகிலிருக்கும் சாவி விழித்து, 433இல் பதில் சொல்லும். வயரில்லாமல் செல்போனுக்குச் சார்ஜ் ஏற்றும் பலகைகள் பல வேலை செய்வது ஏறக்குறைய 100 முதல் 205 கிலோஹெர்ட்ஸ் வரை. 125 அதற்குள்ளேயே மாட்டிக்கொள்கிறது. சாவியைச் செல்போனோடு சேர்த்து அந்தப் பலகையில் வைத்துவிட்டு, சாவியைக் காணோம் என்று வண்டி சொல்கிறதே என்று தவிப்பவர்கள் சாவியை ஒரு முழம் தள்ளி வைத்துப் பார்க்கலாம்.

இரைச்சலுக்கு வரம்பு கட்ட வேண்டும் என்று உலகம் புரிந்துகொண்டு நெடுநாள் ஆகிவிட்டது. ரேடியோ இடையூறுகளுக்கான சர்வதேசக் குழு, சிஸ்பர், 1934லேயே அமைந்தது. கார்களின் தீப்பொறிச் செருகிகள் வீட்டு ரேடியோவைக் கெடுத்தது அந்தக் காலத்துப் பெரிய வழக்கு. இந்தியாவில் வண்டிகளுக்கான மின்காந்த இணக்க விதிகளை ஏஐஎஸ்-004, மூன்றாம் பாகம் சொல்கிறது. சென்னையில் உள்ள சமீர் நிறுவனத்தின் மின்காந்தவியல் மையத்தில், வெளி அலை நுழையாத அறைகளில் வைத்துக் கருவிகளின் இரைச்சலை அளக்கிறார்கள். தொழிற்சாலையிலிருந்து வெளிவரும் வண்டி இப்படிச் சோதிக்கப்பட்டுத்தான் வருகிறது. வந்த பிறகு நாம் மாட்டும் சாமானோடு சேர்த்து அதை யாரும் சோதிப்பதில்லை. என் கையில் பெரியவர் கொடுத்த விளக்கின் அட்டையில் வெளிச்சம் எவ்வளவு என்று கொட்டை எழுத்தில் இருந்தது. எந்தச் சோதனை முத்திரையும் இல்லை. இது சரியில்லை. சாவியின் அமைதியைக் கெடுக்கும் பொருள், பக்கத்தில் நிற்கும் வண்டியின் அமைதியையும் கெடுக்கலாம். வெளிச்சத்துக்கு எண் போட முடியும் என்றால், இரைச்சலுக்குச் சான்று வைப்பது கட்டாயமாக இருக்க வேண்டும். அது இல்லாத சாமானைக் கடைக்காரர் விற்கவும் கூடாது.

உங்கள் சாவி திடீரென்று எட்டவில்லை என்றால், முதலில் அதன் பேட்டரியை மாற்றுங்கள். மாற்றியும் சரியாகவில்லை என்றால், பின்னால் மாட்டியவை அத்தனையையும் கழற்றிவிட்டு, எத்தனை தப்படியில் பூட்டுகிறது என்று நடந்து பாருங்கள். பிறகு ஒவ்வொன்றாக மாட்டி, ஒவ்வொரு முறையும் நடந்து பாருங்கள். தப்படி எங்கே சட்டென்று குறைகிறதோ அதுதான் ஆள். அதுவரை ஒன்றை மறக்க வேண்டாம். இரண்டு மாதம் என் வண்டி எத்தனை முறை திறந்த கதவோடு கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு வெளியே நின்றிருக்கும் என்று எனக்கே தெரியாது. திருடர்கள் வேண்டுமென்றே இதே அதிர்வெண்ணில் இரைச்சல் எழுப்பி, வண்டியைப் பூட்டவிடாமல் செய்வதும் உலகில் நடக்கிறது. பொத்தானை அமுக்கிவிட்டு நடக்காதீர்கள். இண்டிகேட்டர் மினுங்கியதா என்று பாருங்கள், கைப்பிடியை ஒரு முறை இழுத்துப் பாருங்கள், அதன் பிறகு போங்கள்.